வீணாகாத துடிப்பு

6502 செயலியின் கையேட்டில், எந்தக் கட்டளைக்கு எத்தனை கிளாக் துடிப்பு பிடிக்கும் என்று ஓர் அட்டவணை உண்டு. அதில் இரண்டு வரிகளை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். ஒரு முகவரியோடு எக்ஸ் ரெஜிஸ்டரில் இருக்கும் எண்ணைக் கூட்டி, கிடைக்கும் இடத்திலிருந்து ஒரு பைட்டைப் படிக்க 4 துடிப்பு. சில சமயம் 5 ஆகும் என்று ஓரத்தில் ஒரு குறிப்பு. அதே இடத்தில் ஒரு பைட்டை எழுத 5 துடிப்பு. அதற்குக் குறிப்பும் இல்லை, விலக்கும் இல்லை. படிப்பது மட்டும் ஏன் விரைவாக நடக்கிறது? விரைவாக நடக்க முடியுமென்றால் எப்போதும் ஏன் நடப்பதில்லை? இந்த ஒரு துடிப்பு வித்தியாசத்திலேயே அந்தச் செயலியின் குணம் முழுவதும் தெரிந்துவிடும்.

6502 எட்டு பிட் செயலி. முகவரியோ 16 பிட். ஆகவே முகவரி இரண்டு பாதியாகத்தான் வந்து சேரும். முதல் துடிப்பில் கட்டளை வருகிறது. இரண்டாவதில் முகவரியின் கீழ்ப்பாதி. மூன்றாவதில் மேல்பாதி வந்துகொண்டிருக்கும்போதே, உள்ளே இருக்கும் கூட்டல் சுற்று கீழ்ப்பாதியோடு எக்ஸைக் கூட்டி முடித்துவிடுகிறது. கூட்டலில் கையில் ஒன்று மிஞ்சி மேல்பாதிக்கு ஏற வேண்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. ஏறாது என்ற நம்பிக்கையில் நான்காவது துடிப்பிலேயே நினைவகத்தைப் படித்துவிடுகிறது. ஏறியிருந்தால் படித்ததை விட்டுவிட்டு ஐந்தாவது துடிப்பில் சரியான இடத்தைப் படிக்கும். தவறான இடத்தைப் படித்துப் பார்ப்பதால் பெரும்பாலும் கேடில்லை. தவறான இடத்தில் எழுதினால் அங்கே இருந்தது அழிந்துவிடும். அதனால் எழுதும்போது அந்தத் துணிச்சல் கிடையாது. முகவரி உறுதியாகும்வரை ஒரு துடிப்பு பொறுத்துத்தான் எழுதும். எங்கே துணியலாம், எங்கே பொறுக்க வேண்டும் என்ற இந்த விவேகத்தைச் சுமார் 3,500 டிரான்சிஸ்டர்களுக்குள் அடக்கியிருக்கிறார்கள்.

இதெல்லாம் நடக்க வேண்டுமானால் முகவரியின் கீழ்ப்பாதி முதலில் வந்தாக வேண்டும். மோட்டரோலாவின் 6800 செயலியில் மேல்பாதிதான் முதலில் வரும். மோட்டரோலாவை விட்டு 1974இல் எம்ஓஎஸ் டெக்னாலஜிக்கு வந்த சக் பெடில், பில் மென்ஷ் குழுவினர் அந்த வரிசையைத் திருப்பிவைத்தார்கள். நினைவகத்தில் எந்தப் பைட் முன்னால் வந்தால் என்ன, அது வெறும் வழக்கம்தானே என்று பலரும் நினைப்பார்கள். இங்கே அது ஒரு துடிப்பின் விலை.

விலை என்றதும் அந்த இன்னொரு விலையையும் சொல்ல வேண்டும். 1975 செப்டம்பரில், சான் பிரான்சிஸ்கோவில் நடந்த வெஸ்கான் கண்காட்சியின்போது, 6502 தனிச் சில்லு ஒன்று 25 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. அதுவரை 6800ஐயோ இன்டெல் 8080ஐயோ ஒற்றையாக வாங்கப் போனவர்கள் 150 டாலருக்கு மேல் கொடுத்தார்கள். இந்த மலிவு எதையெல்லாம் விட்டுக்கொடுத்து வந்தது என்று பார்த்தால் வடிவமைத்தவர்களின் கை தெரியும். 6800இல் இரண்டு கணக்கு ரெஜிஸ்டர்கள், இதில் ஒன்று. அதில் 16 பிட் நீளச் சுட்டு ரெஜிஸ்டர். இதில் எட்டு பிட்டில் இரண்டு குட்டிகள். ரெஜிஸ்டரைக் குறைத்த கையோடு, நினைவகத்தின் முதல் 256 பைட்டுகளுக்குத் தனிச் சலுகை கொடுத்தார்கள். அந்தப் பகுதியின் முகவரியை ஒரே பைட்டில் சொல்லிவிடலாம். 4 துடிப்பு வேலை 3இல் முடியும். அங்கே அடுத்தடுத்த எந்த இரண்டு பைட்டை எடுத்தாலும் அதை ஒரு சுட்டியாகப் பயன்படுத்தலாம். சில்லுக்குள் ரெஜிஸ்டர் வைத்தால் இடம் பிடிக்கும், காசு பிடிக்கும். வெளியே எப்படியும் நினைவகம் இருக்கிறது. அதன் ஒரு மூலையையே ரெஜிஸ்டர்போல ஆக்கிவிட்டார்கள்.

இன்னொரு நயம், சில்லுக்கு வெளியே தெரிவது. 6502 ஒவ்வொரு துடிப்பிலும் நினைவகத்தைத் தொடும். ஆனால் துடிப்பின் பிற்பாதியில்தான் தொடும். முற்பாதியில் நினைவகம் சும்மா இருக்கும். ஆப்பிள் 2ஐ வடிவமைத்த ஸ்டீவ் வாஸ்னியாக் அந்த முற்பாதியைத் திரைச் சுற்றுக்குக் கொடுத்தார். செயலி ஒருமுறை, திரை ஒருமுறை என்று மாறி மாறி எடுத்துக்கொள்ளும். ஒன்றுக்காக ஒன்று காத்திருப்பதே இல்லை. போதாததற்கு, திரைக்காக நினைவகத்தை வரிசையாகப் படித்துக்கொண்டே போவதால், டைனமிக் நினைவகம் மறந்துபோகாமல் இருக்க வேண்டிய புதுப்பித்தலும் கூடவே நடந்துவிடுகிறது. 1981இல் கேம்பிரிட்ஜின் ஏகார்ன் நிறுவனம் செய்த பிபிசி மைக்ரோவிலும் இதே பங்கீடுதான்: நொடிக்கு 40 லட்சம் முறை தொடக்கூடிய நினைவகம், 20 லட்சம் செயலிக்கு, 20 லட்சம் திரைக்கு.

இதே காலத்தின் மறுபக்கத்தில் நிற்கிறது இசட்80. 8080இல் கை தேர்ந்த ஃபெதரிகோ ஃபஜினும் மசதோஷி ஷிமாவும் ஸைலாக் நிறுவனத்தில் 1976இல் கொண்டுவந்தது. சுமார் 8,500 டிரான்சிஸ்டர். ரெஜிஸ்டர்களுக்குப் பஞ்சமில்லை, ஒரு தொகுதிக்கு மாற்றாக இன்னொரு முழுத் தொகுதியே உண்டு. ஒரே கட்டளையில் இவற்றில் பெரும்பகுதி இடம் மாறும். எப்படி இவ்வளவு விரைவில் ஆறு பைட்டுகள் அங்குமிங்கும் போகின்றன என்று கேட்டால், ஒரு பைட்டுகூட நகர்வதில்லை. எந்தத் தொகுதி இப்போது முன்னால் என்று சொல்லும் ஒற்றை பிட்டைத் திருப்பிவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

இசட்80 ஒரு கட்டளையை எடுக்க 4 துடிப்பு செலவிடும். முதல் இரண்டில் நினைவகத்தைப் படிக்கும். பின்னிரண்டில் கட்டளை என்ன என்று உள்ளே பிரித்துப் பார்க்கும். அந்த நேரத்தில் நினைவகம் சும்மா கிடக்கிறதே என்று, புதுப்பிக்க வேண்டிய வரிசையின் எண்ணை முகவரிக் கம்பிகளில் அனுப்பி வைப்பார்கள். அன்று டைனமிக் நினைவகம் வைத்துக் கணினி கட்டியவர்களுக்கு இந்தப் புதுப்பித்தல் சுற்று தனித் தலைவலி. இசட்80 வாங்கினால் அது உள்ளேயே கிடைத்தது. செயலியின் விலையை மட்டும் பார்த்தால் இந்தப் பெறுமதி கண்ணில் படாது. பலகை முழுவதற்கும் கணக்குப் போட்டால்தான் படும். எட்டு பிட் செயலி என்று பெயர் வாங்கிய இதனுள் இருப்பது நான்கு பிட் கூட்டல் சுற்று என்பதும் எனக்கு மிகப் பிடித்த செய்தி. ஒவ்வொரு கூட்டலும் இரண்டு நடையாக நடக்கிறது. அடுத்த கட்டளை வந்துகொண்டிருக்கும் நேரத்துக்குள் அது முடிந்துவிடுவதால் வெளியே யாருக்கும் தாமதம் தெரிவதில்லை. பாதி சுற்றின் இடம் மிச்சம்.

இரண்டையும் ஒரே வேலையில் வைத்து ஒப்பிடலாம். 256 பைட்டுகளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகலெடுக்க வேண்டும். இசட்80இல் மூன்று ரெஜிஸ்டர் ஜோடிகளில் எங்கிருந்து, எங்கே, எத்தனை என்று நிரப்பிவிட்டு எல்டிஐஆர் என்ற ஒரே கட்டளை. 6502இல் நான்கு கட்டளைச் சுழல்: படி, எழுது, எக்ஸை ஒன்று கூட்டு, பூச்சியமாகும்வரை திரும்பு. ஆயத்தத்தையும் சேர்த்தால் இரண்டுமே சரியாக 11 பைட். பைட் ஒன்றுக்கு இசட்80 எடுத்துக்கொள்வது 21 துடிப்பு, 6502 எடுத்துக்கொள்வது 14. இசட்80 வைத்து 3.5 மெகாஹெர்ட்ஸில் ஓடிய ஸ்பெக்ட்ரம் கணினியில் அது 6 மைக்ரோநொடி. 2 மெகாஹெர்ட்ஸில் ஓடிய பிபிசி மைக்ரோவில் 7. கிளாக் எண்ணை மட்டும் பார்த்தால் முன்னது ஒன்றேமுக்கால் மடங்கு வேகம்; வேலையில் பார்த்தால் ஆறுக்கு ஏழு. 256ஐத் தாண்டி 64 ஆயிரம்வரை அதே 11 பைட்டில் போகலாம் என்பது இசட்80இன் பலம்.

ஆனால் நான் நின்று பார்ப்பது இன்னோர் எண்ணிக்கையை. அந்த 21 துடிப்பில் இசட்80 நினைவகத்தை எடுத்தும் வைத்தும் பயன்படுத்துவது நான்கே முறை: கட்டளைக்கு இரண்டு, படிக்க ஒன்று, எழுத ஒன்று. 6502 பதினான்கு துடிப்பிலும் தொடுகிறது. அதில் பெரும்பகுதி அதே சுழலின் கட்டளைகளைத் திரும்பத் திரும்பப் படிப்பதிலேயே போகிறது. ஒன்றிடம் சொற்சிக்கனம் இருக்கிறது, நேரச் சிக்கனம் இல்லை. மற்றதிடம் நேரம் வீணாவதில்லை, ஆனால் நிறையப் பேச வேண்டியிருக்கிறது. இரண்டும் ஒரே இடத்தில் கூடினால் என்ன ஆகும் என்பதற்குப் பத்தாண்டு கழித்து ஒரு விடை வந்தது.

பிபிசி மைக்ரோவுக்கு அடுத்து என்ன என்று தேடியபோது, ஏகார்னில் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் அன்றைய புதிய செயலிகளைச் சோதித்துப் பார்த்தார்கள். மோட்டரோலா 68000, நேஷனல் செமிகண்டக்டரின் 32016 எல்லாம் அதில் அடக்கம். அவர்கள் கண்டது இதுதான்: ஒரு செயலி எவ்வளவு வேலை செய்கிறது என்பது, நினைவகத்திலிருந்து நொடிக்கு எவ்வளவு எடுக்க முடிகிறது என்பதைப் பொறுத்தே இருக்கிறது. புதிய செயலிகளோ நினைவகம் தரத் தயாராக இருந்ததை எடுத்துக்கொள்ளாமல் உள்ளேயே யோசித்துக்கொண்டிருந்தன. இன்னொரு குறையும் இருந்தது. வெளிக் கருவி ஒன்றிடமிருந்து குறுக்கீடு வந்தால், செயலி கையிலிருக்கும் கட்டளையை முடித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்க்கும். 6502இன் மிக நீண்ட கட்டளை 7 துடிப்பு. 68000இன் வகுத்தல் கட்டளை 158 துடிப்புவரை போகும். 6502இன் சுறுசுறுப்பில் பழகிய கைகளுக்கு அது ஒத்துவரவில்லை.

பெர்க்லி பல்கலைக்கழகத்தின் எளிய கட்டளைத் தொகுப்பு ஆய்வுகளைப் படித்திருந்தார்கள். 1983இல் அரிசோனாவில் பில் மென்ஷின் சிறு நிறுவனத்துக்குப் போய், கொஞ்சம் பேரே செயலி வடிவமைப்பதைக் கண்ணால் பார்த்தார்கள். திரும்பி வந்து தாமே ஒன்றைத் தொடங்கினார்கள். அதற்கு ஆர்ம் என்று பெயர். 1985 ஏப்ரல் 26 அன்று அதன் முதல் சில்லு கேம்பிரிட்ஜ் வந்து சேர்ந்து அன்றே ஓடியது. சுமார் 25,000 டிரான்சிஸ்டர். அதே ஆண்டு அக்டோபரில் வந்த இன்டெல் 80386இல் 2,75,000. மலிவான பிளாஸ்டிக் உறையில் வைத்தால் வெப்பம் தாங்க வேண்டும் என்பதற்காக ஒரு வாட்டுக்குள் அடக்கப் பார்த்தார்கள். கணக்கில் அவ்வளவு கறாராக இருந்ததால் அதில் பத்திலொரு பங்குதான் ஆயிற்று. இன்று கைபேசிகளை ஆளும் குடும்பத்தின் மின்சிக்கனம், உறையின் விலையைக் குறைக்கப் பார்த்ததில் பிறந்தது.

ஆர்ம் கட்டளை 32 பிட் நீளம். அதன் உச்சியிலுள்ள நான்கு பிட்டுகள் நிபந்தனைக்கு: சமமானால் செய், பெரிதானால் செய், எப்போதும் செய். தாவல் கட்டளைக்கு மட்டுமன்று, எல்லாக் கட்டளைக்கும் அந்த உரிமை உண்டு. இதன் அழகைப் பார்க்க மீப்பெரு பொது வகுத்தி காணும் யூக்ளிடின் முறை போதும். இரண்டு எண்கள் ஆர்0, ஆர்1 என்ற ரெஜிஸ்டர்களில். முதல் கட்டளை: இரண்டையும் ஒப்பிடு. இரண்டாவது: முதலெண் பெரிதானால் அதிலிருந்து மற்றதைக் கழி. மூன்றாவது: சிறிதானால் மற்றதிலிருந்து இதைக் கழி. நான்காவது: சமமில்லையென்றால் முதலுக்குப் போ. நான்கே கட்டளை, 16 பைட்.

18ஐயும் 12ஐயும் போட்டு நடந்து பாருங்கள். ஒப்பிட்டால் முதலெண் பெரிது, கழித்தால் 6. மூன்றாவது கட்டளை வருகிறது. இப்போது கையிலிருப்பது 6, 12. இந்த நிலையைப் பார்த்தால் முதலெண் சிறிதுதானே, மூன்றாவதும் ஓடிவிடாதா? ஓடாது. ஏனென்றால் ஆர்மில் கழித்தல் கட்டளை, தன் விளைவை, ஒப்பீட்டின் முடிவை வைத்திருக்கும் கொடிகள் என்ற பிட்டுகளில் பதியலாமா வேண்டாமா என்று ஒரு தனி பிட்டால் கேட்டுக்கொள்கிறது. இங்கே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம். ஆகவே முதல் கட்டளையின் ஒப்பீடு அப்படியே நிற்கிறது. மூன்று கட்டளைகளும் அந்த ஒரே தீர்ப்பைத்தான் படிக்கின்றன. நான்காவதும் அதையே பார்த்து, சமமில்லை என்று மேலே அனுப்புகிறது. அடுத்த சுற்றில் 6, 12 ஒப்பிடப்பட்டு 6, 6 ஆகிறது. அதற்கடுத்த சுற்றில் சமம், இரண்டு கழித்தலும் சும்மா கடந்துபோக, விடை 6. கடந்துபோகும் கட்டளை தின்பது ஒரே துடிப்பு. தாவினால், வரிசையில் நிற்கும் கட்டளைகளைக் கலைத்துவிட்டு மூன்று துடிப்பு கொடுக்க வேண்டும். நிபந்தனை பிட்டுகளைப் பலரும் புகழ்கிறார்கள். கொடியைத் தொடாதே என்று சொல்லும் அந்த ஒற்றை பிட் இல்லாவிட்டால் அந்த நான்கும் இந்த வேலைக்கு உதவாது.

கூட்டலின் வழியிலேயே இடப்பெயர்ப்புச் சுற்றை வைத்ததும் இதே இனம். கூட்டப்படும் எண் வழியில் எத்தனை பிட் வேண்டுமானாலும் நகர்ந்துகொள்ளலாம், கூடுதல் துடிப்பு இல்லாமல். 1987இல் வந்த ஆர்க்கிமிடீஸ் கணினியில் 256 நிறத் திரையின் ஒரு வரி 640 பைட். எத்தனையாவது வரி என்று தெரிந்தால் அதன் முகவரி வேண்டும். வரி எண்ணோடு அதன் நான்கு மடங்கைக் கூட்டு: ஐந்து மடங்கு. அதை ஏழு பிட் நகர்த்தித் திரையின் தொடக்கத்தோடு கூட்டு: 640 மடங்கு. இரண்டு கட்டளை, இரண்டு துடிப்பு, பெருக்கலே இல்லை.

இசட்80இன் சொற்சிக்கனமும் 6502இன் நேரச் சிக்கனமும் கூடுவது, பல ரெஜிஸ்டர்களை ஒருசேர ஏற்றும் இறக்கும் கட்டளையில். அதன் கீழ்ப்பாதி 16 பிட். 16 ரெஜிஸ்டருக்கும் ஆளுக்கொரு பிட். எந்தெந்த பிட் ஒன்றோ அந்த ரெஜிஸ்டர்கள் போய் வரும். இதற்குப் பின்னால் டைனமிக் நினைவகத்தின் இயல்பு இருக்கிறது. அதில் ஒரு வரிசையைத் திறக்கத்தான் நேரமாகும். திறந்த வரிசையில் அடுத்தடுத்த இடங்களைச் சீக்கிரம் எடுக்கலாம். குதிரைத் திறப்பதுதான் வேலை, திறந்தபின் மரக்கால் மரக்காலாக அளந்துகொண்டே போகலாம். இப்போது படிப்பது முன்னதற்கு அடுத்த இடமா இல்லையா என்று ஆர்ம் முன்கூட்டியே ஒரு கம்பியில் சொல்லிவிடும். ஆர்க்கிமிடீஸில் புதிய இடத்துக்கு 250 நானோநொடி, அடுத்த இடத்துக்கு 125. ஒருமுறை கட்டளையை எடுத்துவிட்டால், வரிசையாகத் துடிப்புக்கு ஒரு 32 பிட் சொல். துணைநிரலை விட்டு வெளியேறும்போது, பத்திரப்படுத்திய ரெஜிஸ்டர்களையும் திரும்பிப் போக வேண்டிய முகவரியையும் இதே ஒரு கட்டளையில் மீட்டுக்கொண்டு போய்விடலாம்.

அவசரக் குறுக்கீட்டுக்கான ஏற்பாடு இன்னும் நுட்பம். குறுக்கீடு எதுவானாலும் செயலி ஒரு குறிப்பிட்ட முகவரிக்குப் போகும். ஒவ்வொன்றுக்கும் ஒரே கட்டளைக்குத்தான் இடம், ஆகவே அங்கிருந்து வேறிடத்துக்குத் தாவ வேண்டும். அவசரக் குறுக்கீட்டின் முகவரியை மட்டும் பட்டியலில் கடைசியாக, 28ஆம் பைட்டில் வைத்தார்கள். அதற்குப் பின் யாரும் இல்லை. தாவத் தேவையில்லை, வேலையை அங்கேயே தொடங்கலாம். அதற்கென்று தனியாக ஏழு ரெஜிஸ்டர்களும் உண்டு. பழையதைச் சேமிக்கவும் வேண்டாம். பட்டியலில் கடைசி இடம் கொடுத்து வேகம் வாங்கியிருக்கிறார்கள்.

குறையும் உண்டு. நான்கு பிட் நிபந்தனையில் ஒன்று 'ஒருபோதும் செய்யாதே'. பதினாறில் ஒரு பங்கு கட்டளைகள் எதுவும் செய்யாமல் இருப்பதற்காகவே ஒதுக்கப்பட்டவை. இவ்வளவு கறாரான வீட்டில் இது தாராளம்தான். காலமும் மாறியது. கட்டளைகளை வரிசை மாற்றி, பலவற்றை ஒருசேர ஓட்டும் செயலிகள் வந்தபின், நடந்தாலும் நடக்கும், நடக்காமலும் போகும் என்ற கட்டளை பாரமாயிற்று: நடக்காமல் போனால் பழைய மதிப்பே நிற்க வேண்டும், ஆகவே அதற்காகவும் காத்திருக்க வேண்டும். 2011இல் அறிவித்த 64 பிட் ஆர்மில் அந்த நான்கு பிட்டுகளைப் பெரும்பாலான கட்டளைகளிலிருந்து எடுத்துவிட்டு, ரெஜிஸ்டர்களை 31 ஆக்கினார்கள். பதினாறு ரெஜிஸ்டரை ஒருசேர ஏற்றும் கட்டளை போய், இரண்டிரண்டாக ஏற்றும் கட்டளை வந்தது. சரியான முடிவு என்றே நினைக்கிறேன். யூக்ளிடின் அந்த நான்கு வரி இனி அப்படியே எழுத முடியாது என்பதில் எனக்கு வருத்தமும் உண்டு.

நிபந்தனைக் கொடிகளையே வேண்டாம் என்று வைத்தது 2010இல் பெர்க்லியில் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவ். சென்னை ஐஐடியின் சக்தி செயலிகள் இந்தக் கட்டளைத் தொகுப்பில் ஓடுபவைதான். 2018இல் அவற்றில் ஒன்று சண்டிகரில் 180 நானோமீட்டரில் வார்க்கப்பட்டது. ரிஸ்க்-ஃபைவின் நிபந்தனைத் தாவல் கட்டளையில், எவ்வளவு தூரம் தாவ வேண்டும் என்ற எண்ணின் பிட்டுகள் ஒழுங்காக இல்லாமல் கலைந்து கிடக்கும். பதினோராவது பிட் ஏழாம் இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். முதல்முறை பார்ப்பவர்களுக்கு அச்சுப்பிழைபோலத் தோன்றும். பக்கத்தில் நினைவகத்தில் எழுதும் கட்டளையை வைத்துப் பாருங்கள். அதிலும் ஓர் எண் இருக்கிறது. தாவலின் எண் அதைவிட ஒரு பிட் நீளம். ஒழுங்காக எழுதியிருந்தால் எல்லா பிட்டும் ஓரிடம் தள்ளிப் போயிருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு தேர்வுச் சுற்று வேண்டியிருக்கும். கலைத்து வைத்ததால் நடுவிலுள்ள பத்து பிட்டுகளும் இரண்டு கட்டளையிலும் அதே கம்பியில் நிற்கின்றன. குறியைச் சொல்லும் பிட் எந்தக் கட்டளையிலும் உச்சியில்தான், 31ஆம் இடத்தில். என்ன கட்டளை என்று தெரிவதற்கு முன்பே எதிர்மறையா என்று பார்த்து விரித்து வைத்துவிடலாம்.